சிலேகோட்டாக் கதவும் மேல்மாடி வெப்பமும்

கொல்கத்தாவுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் வங்காளியில் முதலில் கற்றுக்கொள்ளும் நாலைந்து சொற்களில் 'சிலேகோட்டா' என்பதும் ஒன்று. வீட்டின் உட்படிக்கட்டு மொட்டைமாடியில் போய் முடியுமிடத்தில், படியை மழையிலிருந்து காப்பதற்காக எழுப்பும் சிறு அறைக்கு அப்பெயர். நம் ஊரில் அந்த மூலையை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. பழைய பாயும் உடைந்த நாற்காலியும் போட்டு வைப்போம். வங்காளிகளோ அதற்கு இலக்கியத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். டாக்காவில் வாழ்ந்த அக்தருஸ்ஸமான் எலியாஸ் தம் புகழ்பெற்ற நாவலுக்குச் 'சிலேகோட்டாவின் சிப்பாய்' என்று பொருள்படும்படியே பெயர் சூட்டினார்.

மாணவர்களாகிய நமக்கு அதன்மேல் உள்ள பற்று இலக்கியப் பற்றன்று, வாடகைப் பற்று. ஜாதவ்பூரிலும் தாக்குரியாவிலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளிலும், சிலேகோட்டாவையொட்டிய அறையும் அதற்கு நேர்கீழேயுள்ள அறையும் மற்ற அறைகளைவிட மலிவாகக் கிடைக்கும். ஏன் மலிவு என்பது பங்குனி பிறந்ததும் விளங்கிவிடும். தேர்வுக்குப் படிக்கவேண்டிய அதே மாதங்களில் இரவு ஒரு மணிவரை உறக்கம் வராது. நானும் அத்தகைய அறையில் இருப்பவன். ஆகவே, மேலிருந்து வரும் வெப்பத்தை எங்கே தடுப்பது, படிக்கட்டின் மேல்வாயை எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்பவற்றை, நாம் படித்த பௌதிகத்தின் துணைகொண்டு இங்கே ஆராய்வோம்.

மேனாட்டாரிடமிருந்து தொடங்குவது பயன் தரும். படிவாயை அடைக்கும் கலையை அவர்கள் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வீடுகளுக்குச் சரிந்த கூரை. கூரைக்கும் அறைகளின் உட்கூரைக்கும் இடையே ஒரு பரண். பரணுக்கு ஏற மடிப்பேணி ஒன்று உண்டு. கயிற்றைப் பிடித்திழுத்தால் உட்கூரையின் ஒரு பகுதி கதவுபோல் கீழே இறங்கும். அதன் முதுகில் மடித்து வைத்த ஏணி விரியும். குளிர்காலத்தில் அறையின் வெப்பம் மேலே போய்விடாதபடி, உட்கூரையின் மேல் ஏறத்தாழ ஒரு அடி கனத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு பரப்பியிருப்பார்கள். ஏறி இறங்கும் கதவின்மேல் மட்டும் அவ்வாறு பரப்ப இயலாது. அது வெறும் மெல்லிய ஒட்டுப்பலகை.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். உட்கூரை 100 சதுர மீட்டர், கதவு 1 சதுர மீட்டர், பஞ்சு பரப்பிய பகுதியின் வெப்பத் தடையில் முப்பதில் ஒரு பங்குதான் கதவுக்கு உண்டு என்று கொள்வோம். பஞ்சுப் பகுதியின் 99 சதுர மீட்டர் வழியே 99 பங்கு வெப்பம் போனால், கதவு வழியே மட்டும் 30 பங்கு போகும். பரப்பில் நூற்றில் ஒன்று. இழப்பிலோ ஏறக்குறைய நான்கில் ஒன்று! கதவின் ஓரத்து இடுக்குகளில் நழுவும் காற்று இந்தக் கணக்கில் சேரவில்லை. எனவே அவர்கள் நுரைப்பலகையால் மூடிபோட்ட பெட்டி ஒன்று செய்து வாயின்மேல் கவிழ்க்கிறார்கள். சட்டத்தைச் சுற்றி ரப்பர்ப் பட்டை ஒட்டுகிறார்கள். கதவைப் பட்டையோடு அழுத்திப் பிடிக்கக் கொக்கி வைக்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, நம் படிவாயையும் அப்படியே அடைத்துவிடலாம் என்று புறப்படுகிறவர் இரண்டு காரணங்களால் ஏமாறுவார். அவர்களுடைய உட்கூரை முழுதும் போர்த்தப்பட்டது. எஞ்சியது ஒரு ஓட்டை. நம் தளமோ வெயிலில் வெறும் உடம்போடு கிடக்கிறது. சல்லடையின் ஒரு துளையை மட்டும் அடைப்பதால் நீர் நிற்குமா? இரண்டாவதாக, சூடான காற்று மேல்வாய் வழியே போய்விடுமே என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். நாம் ஆண்டில் பெரும்பகுதி அது போய்த் தொலைய வேண்டும் என்று விரும்புகிறோம்.

முதலில் தளத்தைப் பார்ப்போம். கொல்கத்தா வடக்கே இருபத்திரண்டரைப் பாகையில், கடகரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஜூன் தொடக்கத்திலும் ஜூலை முதல் வாரம் கழிந்தும், ஆண்டுக்கு இருமுறை ஞாயிறு நேர் உச்சியில் வரும். மேகமற்ற நடுப்பகலில் கிடையான தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை என்றால் 11 சதுர மீட்டர். அதாவது 1 கிலோவாட் இஸ்திரிப் பெட்டிகள் பதினொன்றைத் தளத்தின்மேல் கவிழ்த்து வைத்ததற்கு ஒப்பாகும். இதில் பெரும்பகுதி பிரதிபலிப்பாலும் காற்றின் சலனத்தாலும் கதிர்வீசலாலும் வெளியே போய்விடுகிறது. எஞ்சியது உள்ளே இறங்குகிறது. 2024 ஏப்ரல் 30 அன்று அலிப்பூரில் 43 டிகிரி பதிவானபோது, நம்மவர் பலர் இந்த எஞ்சிய பகுதியின் அருமையை நேரில் உணர்ந்தார்கள்.

இறங்கும் வெப்பம் உடனே உள்ளே வருவதில்லை. நான்கு அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து வர அதற்குச் சுமார் மூன்று மணி நேரம் வேண்டும். தளத்தின் மேற்பரப்பு பிற்பகல் ஒன்றிரண்டு மணிக்கு உச்சச் சூடு அடைந்தால், உட்பரப்பு மாலை நான்கைந்து மணிக்கு அடையும். மேலே செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கனமாகப் போட்டிருந்தால் இன்னும் தாமதமாகும். பகலெல்லாம் சேர்த்ததை இரவெல்லாம் தளம் நம்மேல் கதிராக வீசுகிறது. மின்விசிறியோ உட்கூரையை ஒட்டி நிற்கும் சூட்டுக் காற்றையே இழுத்து நம் தலையில் தள்ளுகிறது. வெளியே மொட்டைமாடியில் தெற்குக் காற்று இதமாக வீசிக்கொண்டிருக்க, உள்ளே வெந்துகொண்டிருக்கும் விந்தை இதனாலேதான்.

நம் முன்னோரும் வங்காளத்து முன்னோரும் இதை அறியாதவர்கள் அல்லர். வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் 'கடி-பர்கா' என்னும் உத்தரமும் குறுக்குச் சட்டமும் போட்டு, அவற்றின்மேல் ஓடு பரப்பி, அதற்கும் மேல் சுண்ணாம்புக் கலவையைக் கனமாக இட்டார்கள். கான்கிரீட் தளம் வந்த பின்னும் அதன்மேல் 'ஜல்சாத்' போடும் வழக்கம் நீடித்தது. செங்கற்சல்லி ஏழு பங்கு, செங்கற்பொடியாகிய சுர்க்கி இரண்டு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு என்பது அதன் வழக்கமான விகிதம். மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். வரிசையாக உட்கார்ந்து தாளம் தவறாமல் அடிப்பதற்கென்றே 'சாத் பேட்டானோர் கான்' எனத் தனிப் பாட்டுவகை வங்காளத்தில் தோன்றியது. தமிழ்நாட்டில் 'மெட்ராஸ் டெரஸ்' என்று வழங்கும் தளம் இதற்கு நெருங்கிய உறவு: மர உத்தரங்களின்மேல் செங்கல்லைச் சாய்கோடாக நிறுத்தி அடுக்கி, மேலே சுண்ணாம்புச் சல்லி போட்டு, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து இறுக்கி, தட்டோடு பதித்து முடிப்பார்கள். கவிழ்த்த மண்பானைகளைத் தளத்தில் அடுக்கிக் காற்றைச் சிறைப்பிடிக்கும் முறையும் நம் நாட்டில் உண்டு.

பழமை என்பதற்காகவே இவற்றைப் போற்ற வேண்டியதில்லை; எண்களைக் கேட்போம். வெப்பத்தைக் கடத்தும் திறன், மீட்டருக்கும் டிகிரிக்குமான வாட் கணக்கில், கான்கிரீட்டுக்குச் சுமார் 1.6, சுண்ணாம்புச் சல்லிக்கு 0.7, தெர்மோகோலுக்கு 0.035. நான்கு அங்குலக் கான்கிரீட் தளத்தின் தடை, மேலும் கீழும் ஒட்டியுள்ள காற்றுப் படலங்களையும் சேர்த்து, ஏறக்குறைய 0.27. அதன்மேல் நான்கு அங்குல ஜல்சாத் போட்டால் 0.41 ஆகும், உள்ளே வரும் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் அதன் கனத்தால் வெப்பம் இரவில் வந்து சேரும். இரண்டு அங்குல நுரைப்பலகை போட்டு அதன்மேல் சிமெண்ட் பூசினால் தடை 1.7, வெப்பம் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஜல்சாத் மழைநீரையும் தடுக்கும் ஆற்றலுடையது. அதை இகழ்கிறேன் அல்லேன். வெப்பத்தை நிறுத்துவது வேறு, தாமதப்படுத்துவது வேறு என்பதை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். பகலில் அலுவலகமாகப் பயன்படும் அறைக்குத் தாமதம் நன்மை. இரவில் உறங்கும் அறைக்கு அது தீமை.

வாடகைக்கு இருப்பவர் நுரைப்பலகை பதிக்க முடியாது. வீட்டுக்கார மாசிமா சம்மதித்தாலும் மாதப் பணம் சம்மதிக்காது. வெள்ளையடிக்கலாம். பாசி பிடித்துக் கறுத்த தளம் தன்மேல் விழும் வெயிலில் முக்கால் பங்கை விழுங்கும். புதிய சுண்ணாம்பு வெள்ளை முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும். வெப்பத்தை வழியில் மறிப்பதைக் காட்டிலும் வாசலிலேயே திருப்பி அனுப்புவது மலிவு. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது என்றால் இதன் மதிப்பு விளங்கும். தளத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு நீரில் சிறிது பசை கலந்து, இரண்டு பூச்சுக் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு தொல்லை உண்டு. கொல்கத்தாவின் மழை ஒரே பருவத்தில் வெள்ளையைக் கழுவிப் பாசியை வளர்த்துவிடும். ஆகவே ஆண்டுதோறும், தோல் பண்டிகை முடிந்த கையோடு அடிக்க வேண்டும். நான்கு பேர் கூடினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வேலைக்குக் கறுப்புக் கண்ணாடி அவசியம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் விளையாட்டன்று.

நிழல் போடுவது அதனினும் மேல். மூங்கில் தட்டியைத் தளத்திலிருந்து அரையடி உயரத்தில், அடியில் காற்றோடும்படி செங்கல்மேல் நிறுத்தலாம். தளத்தோடு ஒட்டிப் பரப்பினால் பாதிப் பயன் போய்விடும். இறுகக் கட்டவும் வேண்டும். இல்லையேல் சித்திரை மாதத்துக் கால்பைசாகி ஒரே வீச்சில் அதைப் பக்கத்து வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்விடும். மாலையில் தண்ணீர் ஊற்றுவதும் பயன்படும் என்றாலும், தில்லியில் போல் இங்கே நீர் விரைந்து ஆவியாவதில்லை. காற்றிலேயே ஈரம் மிகுதி.

ஒன்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். உட்கூரையில் தெர்மோகோல் தகடுகளை ஒட்டி விடும் வழக்கம் மாணவர் அறைகளில் பரவியிருக்கிறது. மலிவு, எளிது, சிறிது பயனும் உண்டு. ஆனால் தீப்பொறி பட்டால் அது உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். கரும்புகை மூச்சை அடைக்கும். மின்விசிறிக்கு மேலே, மின்கம்பி ஓடும் இடத்தில், படுக்கைக்கு நேராக அத்தகைய பொருளைத் தொங்கவிடுவதை நான் ஒப்பமாட்டேன். சிலேகோட்டாவின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதில் துளையிடுவதும் அறுப்பதும் கூடா. அதன் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு.

இனிக் கதவுக்கு வருவோம். மூன்று மாடி வீட்டின் படிக்கட்டு ஒன்பது மீட்டர் உயரமுள்ள ஒரு புகைபோக்கி. உள்ளே காற்று வெளியைவிட 3 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், மேல்வாய்க்கும் கீழ்வாய்க்கும் இடையே எழும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 1 பாஸ்கல். மேசைமேல் கிடக்கும் ஓர் எழுதுதாள் மேசையை அழுத்தும் அளவைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இந்த அற்ப விசை படிக்கட்டு முழுவதிலும் உள்ள சூட்டுக் காற்றைச் சில நிமிடங்களில் வெளியேற்றப் போதுமானது. நிபந்தனை ஒன்று உண்டு: கீழேயும் ஒரு வாய் திறந்திருக்க வேண்டும். கீழ்த்தளத்துத் தெற்குச் சன்னலைத் திறந்து, மேலே சிலேகோட்டாக் கதவையும் திறந்தால், வங்காளிகள் கவிதையிலெல்லாம் பாடும் தென்காற்று படி வழியே ஏறி வரும். கதவருகே ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள். புகை வெளிப்புறம் வளைந்தோடும்.

பகலில் இதே வாய் பகை. வெளிக்காற்று உள்ளைவிடச் சூடாகிவிட்ட பின், திறந்த கதவு வழியே வெயிலில் காய்ந்த தளத்தின் அனலும் தூசியும் நுழைகின்றன. ஆதலால் இக்கதவைச் சுவரின் ஒரு பகுதியாக எண்ணாமல், அடுப்பின் காற்றுத் திறப்பைப்போல் எண்ண வேண்டும். காலை ஒன்பது மணியளவில் மூடுக. ஞாயிறு மறைந்து வெளி குளிர்ந்ததும் திறக்க. கடிகாரத்தைவிட வெப்பமானி நல்ல வழிகாட்டி. மலிவான இரண்டு வாங்கி, ஒன்றை உள்ளேயும் மற்றொன்றை நிழலில் வெளியேயும் தொங்கவிட்டால் போதும். இரவு முழுதும் திறந்திருக்க வேண்டுமாயின் கொசு வரும். இது டெங்கு உலவும் ஊர். மரக்கதவுக்கு அப்பால் வலைக்கதவு ஒன்று போட்டுவிட்டால் வலை நிற்கும், காற்று போகும்.

மூடும்போது நன்றாக மூட வேண்டும். இங்கேதான் மேனாட்டார் முறை நமக்குக் கைகொடுக்கிறது. ஆறரையடி உயரமும் இரண்டே முக்கால் அடி அகலமும் உள்ள கதவைச் சுற்றி 3 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பெருக்கிப் பார்த்தால் அது 170 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாது. சுவரில் ஒரு செங்கல்லை நீளவாக்கில் பெயர்த்தெடுத்த அளவு. கதவடியில் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் வெளியிருக்கும். அதைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு துண்டுத் தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எளிதில் நழுவி வந்தால் அவ்விடத்தில் பட்டை வேண்டும். இரவில் ஒருவர் வெளியே நின்று டார்ச் அடித்தால் இடுக்குகள் தாமாகவே ஒளிவிட்டுக் காட்டும்.

பட்டை தேர்வதில் இவ்வூருக்கென ஒரு விதி உண்டு. மரம் ஆடியில் ஈரம் குடித்துப் பருக்கும், தையில் சுருங்கும். சித்திரையில் இறுக்கமாகப் பொருத்திய கடினப் பட்டை ஆடியில் கதவை அசையவிடாது. மழைக்காலத்தில் இறுகுகிறதென்று தச்சரை அழைத்து இழைத்துவிட்டால் குளிர்காலத்தில் இடுக்கு விரலளவு ஆகும். உள்ளே வெற்றிடமுள்ள ரப்பர்க் குழாய்ப்பட்டை அமுங்கவும் விரியவும் வல்லது. அதைச் சட்டத்தில் ஒட்டி, மூலைகளில் சிறு ஆணியும் அடித்துவிடலாம். பஞ்சு நுரைப்பட்டை மலிவுதான், ஆனால் ஒரே மழையில் நீர் குடித்து நாறும். கதவடிக்கு ரப்பர் நாக்கு போதாது. கால்பைசாகி வடமேற்கிலிருந்து மழையைக் கிடையாக அடித்து வரும். வாசற்படியில் அங்குல உயரத்துக்குச் சிமெண்ட் வரம்பு கட்டி, கதவின் வெளிப்புற அடியில் நீர் சொட்டிவிழச் சாய்வான மரச்சட்டம் ஒன்று பொருத்தினால் படிக்கட்டு நனையாது.

குளிர்சாதனம் வைத்த அறைக்கு மட்டும் கணக்கு வேறு. ஆகஸ்டு மாதக் கொல்கத்தாக் காற்றில், 30 டிகிரி வெப்பத்தில், கனமீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 25 டிகிரிக்குக் குளிர்ந்து நமக்கு இதமாக வேண்டுமானால் அதில் 11 கிராமைக் கருவி நீராகப் பிரிக்க வேண்டும். அந்த 11 கிராமைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றல், காற்றின் வெப்பத்தை ஐந்து டிகிரி குறைக்கச் செலவாவதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இடுக்கில் நுழையும் ஒவ்வொரு கனமீட்டரும் இந்த வரியைக் கேட்கும். இங்கே அடைக்க வேண்டியது அந்த அறையின் சொந்தக் கதவையும் சன்னலையுமே. சிலேகோட்டாக் கதவு அறைக்கு வெளியே இருப்பதால் அது தன் இரவுத் தொழிலைத் தொடரலாம்.

அறைக்கதவில் ஒட்டும் அந்தப் பட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு: படிக்கட்டில் புகை எழுந்தால் அது உள்ளே வரும் வேகத்தைக் குறைக்கும். மொட்டைமாடிக் கதவைப் பொறுத்தவரை, அடைப்பது என்றால் பூட்டுவது என்று பொருளாகிவிடக் கூடாது. 2010 மார்ச் 23 அன்று பார்க் ஸ்ட்ரீட்டிலுள்ள ஸ்டீஃபன் கோர்ட் கட்டடத்தில் தீப்பற்றியபோது நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாடிக்குச் செல்லும் வழி பூட்டியிருந்ததால், மேலே ஏறித் தப்ப முயன்றவர்கள் படியிலேயே சிக்கிக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. திருடர் பயத்தால் பல வீடுகளில் சிலேகோட்டாவுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டு, சாவியை வீட்டுக்காரர் தம் முந்தானையில் முடிந்துவைத்திருப்பதை நாம் அறிவோம். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது இதுவே: வெளியிலிருந்து திறக்க முடியாததாகவும், உள்ளேயிருந்து சாவியின்றி இருட்டில் ஒரு கையால் திறக்கக் கூடியதாகவும் ஒரு கனத்த தாழ்ப்பாள். ரப்பர்ப் பட்டை ஒட்டியபின் கதவு சற்றுத் தடித்து நிற்கும். பழைய தாழ்ப்பாள் துளைக்குள் சேராது. துளையை அரத்தால் அகலப்படுத்தி, பட்டை அமுங்கிய நிலையிலும் தாழ் தாராளமாக ஓடுகிறதா என்று பார்த்து, மழைக்கு முன் ஒருமுறையும் பூஜை விடுமுறைக்குப் பின் ஒருமுறையும் எண்ணெய் இட வேண்டும்.